கடலுக்கும் பசிக்குமா? வாசகர் கேள்வி-பதில்

போன இதழ்ல ஜப்பான் பத்தி ஒரு கேள்விக்கு பதில் சொல்றப்ப போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். "அங்க ஒரு கடலை சுத்தம் பண்ணி பண்ணி, இப்ப மீனவங்களே கொஞ்சம் சத்து விடுங்கப்பான்னு கேக்குறாங்க"ன்னு. அவ்ளோதான், மெயில் பெட்டி நெறைஞ்சுடுச்சு. பாதி பேர் அது எந்தக் கடல்னு கேட்டிருக்கீங்க, மீதி பேர் உளறாதீங்கன்னு திட்டியிருக்கீங்க. சரி, இந்த இதழ் முழுக்க அதே பேச்சுதான். அந்தக் கடல் பேரு செத்தோ உள்நாட்டுக் கடல். அப்படி எழுதினா ப்ரூஃப் பாக்குறவர் "கடல் செத்தோ, யார் செத்தோ"ன்னு கேக்குறார், அதனால செட்டோன்னே வெச்சுக்குவோம். ஆனா 60கள்ல, 70கள்ல ஜப்பான்காரங்களே அதை "சாகக் கிடக்குற கடல்"னுதான் சொன்னாங்க, அதையும் ஞாபகத்துல வெச்சுக்கங்க.

கல்லூரி மாணவி, நாகர்கோவில்:
சார், கடல் ரொம்ப சுத்தமானா எப்படி பிரச்சனை வரும்? கிண்டலுக்கு எழுதினீங்களா?

கிண்டல் இல்லம்மா, நிஜம். நோரி தெரியும்ல, சுஷி சுத்துற கருப்பு பேப்பர் மாதிரி இருக்குமே அந்த பாசி. குளிர்காலத்துல கடல்ல வலை கட்டி அதுலதான் வளர்ப்பாங்க. நல்ல நோரின்னா கருகருன்னு மினுங்கணும், அதுக்கு தண்ணில நைட்ரஜன் வேணும், அது கம்மியானா பாசி வெளுத்து காஞ்ச வாழைச் சருகு கலருக்குப் போயிடும், ஏலத்துல ஒருத்தனும் சீண்ட மாட்டான். யூரியா போடாத நெல்லு மஞ்சளடிச்சு நிக்கும்ல, அதே கதைதான். 2000 வாக்குல இருந்து அந்தக் கடலோரத்து ஹியோகோ, ககாவா மாவட்டங்கள் பக்கம் இந்த வெளுப்பு திரும்பத் திரும்ப வருது. கூடவே பொடி மீனுங்க பாடும், அதாவது வலைல சிக்குற அளவும், குறைஞ்சுபோச்சு. கடல் சூடாகுறதும் ஒரு காரணம், எல்லாப் பழியையும் நைட்ரஜன் மேலயே போட்டா சரியா இருக்காது.

இடத்தைப் புரிஞ்சுக்கணும்னா, ஹோன்ஷு, ஷிகோக்கு, கியூஷு மூணு பெரிய தீவுக்கு நடுவுல சிக்கின கடல் இது. சராசரி ஆழம் 40 மீட்டர் கூட கிடையாது, உள்ள சின்னதும் பெருசுமா 700 தீவு, சுத்தி ஏறக்குறைய 3 கோடி ஜனம். ஒசாகா குடா, ஹரிமா கடல்னு அறை அறையா பிரிஞ்சு கிடக்கும். வெளிக்கடலோட தண்ணி மாறுறது நாலஞ்சு இடுக்கு வழியாத்தான், மொத்தமா மாற ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். ஜன்னல் சின்னதா இருக்குற வீட்டுல சமையல் புகை எப்படி சுத்தி சுத்தி நிக்குமோ அப்படி. உள்ள போறது லேசுல வெளிய போகாது.

மீனவர், பாம்பன்:
எங்க பக்கம் 2019 செப்டம்பர்ல கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்குச்சு. நாங்க பூங்கோரைன்னு சொல்வோம். அங்க நடந்ததும் இதானா அண்ணே?

உறவுமுறைல ஒண்ணுதான் தம்பி, பாசி ஜாதி வேற. உங்க பக்கம் வந்தது நாக்டிலுகா. அங்க 1972 கோடைல ஹரிமா கடல்ல வந்தது சட்டோனெல்லான்னு ஒண்ணு, கண்ணுக்குத் தெரியாத சைஸ், ஆனா கோடிக்கணக்குல பெருகினா தண்ணி செம்பழுப்பாயிடும். கூண்டுல வளர்த்துக்கிட்டிருந்த ஹமாச்சி மீன் 1 கோடியே 40 லட்சம் செத்துச்சு. நஷ்டம் அன்னிக்கு விலைல 710 கோடி யென். கூண்டு மீன் பாவம் எங்க ஓடும், செவுள் கெட்டுப்போய் மூச்சு முட்டி மொத்தமா மெதந்துடும், கடல்ல திரியுற மீனாவது ஒதுங்கிப் போகும். அந்த மீனவங்க சும்மா இல்ல, கோர்ட்டுக்குப் போனாங்க.

இந்தப் பாசி வானத்துல இருந்து வரல. கரையோரம் முழுக்க கடலைத் தூர்த்து எஃகு ஆலை, பெட்ரோகெமிக்கல், பேப்பர் மில்னு வரிசையா வந்துச்சு, மிசுஷிமா, சகாய், ஃபுகுயாமான்னு ஊர் ஊரா, கூடவே ஊர்க் கழிவு, வயல் உரம், எல்லாம் சேர்ந்து கடலுக்கு ஓவரா சாப்பாடு. பாசி தின்னு பெருகும், செத்து அடில விழும், அதை மக்க வைக்கிற பாக்டீரியா அடித்தண்ணில இருக்குற ஆக்ஸிஜனை உறிஞ்சிடும். கோடைல மேல் தண்ணி சூடு, அடித்தண்ணி குளிர்ச்சி, ரெண்டும் கலக்காது, அடில இருக்குற மட்டியும் நண்டும் ஓடவும் வழியில்லாம சாகும். 1976ல மட்டும் அந்தக் கடல்ல 299 தடவை இந்த செம்பாசி எழும்பினதா கணக்கு.

ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி:
வளர்ற நாடு கொஞ்சம் அழுக்கை சகிச்சுத்தான் ஆகணும்னு என் மருமகன் வாதாடுறார். ஜப்பானும் அப்படித்தானே வளர்ந்துச்சு?

மருமகன் சொல்ற கட்சியை ஜப்பான் சட்டத்துலயே எழுதி வெச்சிருந்துச்சு ஐயா, அது தெரியுமா அவருக்கு? 1967ல வந்த மாசுக்கட்டுப்பாட்டு அடிப்படைச் சட்டத்துல, சுற்றுச்சூழலைக் காப்பாத்துறது பொருளாதார வளர்ச்சியோட "இசைவா" இருக்கணும்னு ஒரு வரி. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கம்பெனிக்காரன் எதுக்கெடுத்தாலும் அந்த வரியைத்தான் நீட்டுவான். 1970 கடைசில ஜனங்க எதிர்ப்பு தாங்காம பார்லிமென்ட்ல ஒரே கூட்டத்துல 14 சட்டம் போட்டாங்க, அந்தக் கூட்டத்துக்கே "மாசு பார்லிமென்ட்"னு பேரு வந்துச்சு, அப்பதான் அந்த இசைவு வரியைத் தூக்கிக் கடாசினாங்க. ஒரு வரிதான், ஆனா அதுக்கப்புறம் வாதமே தலைகீழா மாறிடுச்சு. அடுத்த வருஷம் சுற்றுச்சூழலுக்குன்னு தனியா ஒரு ஏஜென்சி வந்துச்சு.

அப்புறம் 1973 அக்டோபர்ல செட்டோ கடலுக்குன்னே தனிச் சட்டம். ஆலைகள்ல இருந்து வர்ற சிஓடி சுமையை (தண்ணில இருக்குற அழுக்கைச் சிதைக்க எவ்ளோ ஆக்ஸிஜன் வேணும்னு ரசாயனம் போட்டு அளக்குற கணக்கு அது) 1972 அளவுல இருந்து மூணு வருஷத்துல பாதியாக்கணும், மாவட்டம் மாவட்டமா பங்கு பிரிச்சுக் குடுத்துட்டாங்க. சும்மா தகவல் சொல்லிட்டு கழிவுப் பைப்பு வைக்கிற கதை போச்சு, அனுமதி வாங்கினாத்தான் வைக்க முடியும். கடலைத் தூர்க்குறதுக்கும் கெடுபிடி. அதே அக்டோபர்ல பெட்ரோல் விலை ஷாக் அடிச்சுச்சு பாருங்க, உலகமே ஆடிப்போச்சு, நம்ம ஊரா இருந்தா "இப்ப இதெல்லாம் வேணாம், அப்புறம் பாத்துக்கலாம்"னு கிடப்புல போட்டிருப்பாங்க. அங்க தற்காலிகச் சட்டமா வந்ததை 1978ல நிரந்தரமாவே ஆக்கிட்டாங்க. ஜப்பான் ஏழையாகிடலைன்னு மருமகன்கிட்ட சொல்லுங்க.

இ.டி.பி. (ஆலைக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) ஆபரேட்டர், ராணிப்பேட்டை:
ஒவ்வொரு கம்பெனியும் லிமிட்டுக்குள்ள சுத்திகரிச்சு விட்டா போதாதா சார்? எங்க ரிப்போர்ட் எல்லாம் லிமிட்டுக்குள்ளதான் வருது, ஆனாலும் எங்களையே திட்டுறாங்க.

இந்த மெயில் கட்டுல ரொம்பப் பிடிச்ச கேள்வி இது, ஏன்னா நானும் ஒரு தனியார் டெஸ்டிங் லேப்ல ரெண்டு வருஷம் குப்பை கொட்டினவன். சிஓடி டைட்ரேஷன் பண்ணிப் பண்ணி, அந்த நீலப்பச்சை சட்டுனு செங்கல் கலருக்கு மாறுற சொட்டு கனவுல கூட வரும். ஒரு தடவை ஒரு ஆலைக்கு சாம்பிள் எடுக்கப் போனோம். பேரு வேணாம். வாசல்ல டீ குடுத்து அரை மணி நேரம் உக்கார வெச்சாங்க, அந்த நேரத்துல பின்னாடி அவுட்லெட் தொட்டில தோட்டத்துக்குத் தண்ணி விடுற போர்வெல் ஹோஸ் ஒண்ணு ஜோரா ஓடிக்கிட்டிருந்துச்சு. நாங்க போய் நின்னதும் ஒரு பையன் ஓடிவந்து ஹோஸைத் தூக்கி வேப்பமரத்துக்குப் போட்டான். மரத்தைச் சுத்தி மண்ணு புழுதி பறக்குது, ஹோஸ் வாய் மட்டும் தொட்டி ஈரம். சாம்பிள் எடுத்தோம், ரிப்போர்ட் லிமிட்டுக்குள்ள. நானும் கையெழுத்துப் போட்டேன், அந்த வயசுல வேற என்ன பண்ணன்னு தெரியல.

கணக்கு என்னன்னா, ஒரு கம்பெனி நாளைக்கு 1,000 கன மீட்டர் தண்ணி விடுது, லிட்டருக்கு 100 மில்லிகிராம் சிஓடின்னு வைங்க. 100 கிலோ. அதுல இன்னொரு 1,000 கன மீட்டர் நல்ல தண்ணியை ஊத்தினா ரிப்போர்ட்ல 50னு வரும், ஆனா கடலுக்குப் போறது அப்பவும் அதே 100 கிலோதான். தண்ணி கலக்காத யோக்கியமான கம்பெனியாவே இருக்கட்டும், இன்னிக்கு பத்து கம்பெனி, நாளைக்கு முப்பது, முப்பதும் லிமிட்டுக்குள்ள, யாரும் தப்பு பண்ணல, குடா செத்துடும். வேகமா வளர்ற ஊர்ல எப்பவும் நடக்குறது இதான்.

இதைத்தான் ஜப்பான் 1978ல பிடிச்சுச்சு. டோக்கியோ குடா, இசே குடா, செட்டோ மூணுக்கும் மொத்தச் சுமைக் கட்டுப்பாடு. கடல் மொத்தத்துக்கும் ஒரு நாளைக்கு எத்தனை டன் வரலாம்னு முதல்ல முடிவு, அப்புறம் மாவட்டத்துக்கு இவ்ளோ, அதுல தொழில் வாரியா இவ்ளோன்னு இறங்கி வரும். நாளைக்கு 50 கன மீட்டருக்கு மேல விடுற எல்லாரும் கணக்குல உண்டு, நம்ம ஊர் 12,000 லிட்டர் லாரில நாலு லாரி சொச்சம்தான் அது. 400 கன மீட்டரைத் தாண்டினா தினமும் அளந்து எழுதணும், வருஷத்துல ஒரு நாள் வந்து டீ குடிச்சுட்டுப் போற கதை இல்ல. இன்னொரு நுணுக்கம், பழைய ஆலைக்கு ஒரு அளவு, புதுசா வர்ற ஆலைக்கு அதைவிட கறாரான அளவு. அப்ப புது ஆலை வரக்கூடாதுன்னு யாரும் சொல்லல, வா, ஆனா ஆரம்பத்துலயே நல்ல மெஷினோட வான்னு அர்த்தம். முதல்ல சிஓடி மட்டும்தான், 2001ல நைட்ரஜனும் பாஸ்பரஸும் சேர்ந்துச்சு.

ஒண்ணு மட்டும், ஜப்பான் சிஓடி நம்பரையும் உங்க லேப் நம்பரையும் பக்கத்துல வெச்சுப் பாக்காதீங்க. அந்த டெஸ்ட்டுக்கு அவங்க போடுற ரசாயனம் பெர்மாங்கனேட், நாம போடுறது டைகுரோமேட், நம்ம முறைல எப்பவும் கூடத்தான் வரும்.

வாசகி, ஈரோடு:
எல்லாத்துக்கும் ஆலையையே சொல்றீங்க. வீட்டுல இருந்து போற தண்ணி கணக்குல இல்லையா?

இருக்கு, அதுல பொம்பளைங்கதான் ஹீரோ. ஒசாகா குடால விழுற யோதோ ஆறு, பிவா ஏரில இருந்து வருது. 1977ல அந்த ஏரிலயே செம்பாசி வந்துடுச்சு, குடிக்கிற தண்ணில மீன் வாடை. சோப்புத்தூள்ல இருக்குற பாஸ்பரஸும் ஒரு காரணம்னு தெரிஞ்சதும், ஷிகா மாவட்டத்துக் குடும்பத் தலைவிங்க தூளை நிறுத்திட்டு சாதா சோப்புக்குத் திரும்பினாங்க, வறுத்த எண்ணெயை வீடு வீடா சேர்த்து அதுலயும் சோப்பு காய்ச்சினாங்க. சோப்புத்தூள் கம்பெனிங்க எவ்ளோ எதிர்த்தும் 1979ல மாவட்டமே சட்டம் போட்டு, 1980 ஜூலைல இருந்து பாஸ்பரஸ் தூள் விக்கவோ பயன்படுத்தவோ கூடாதுன்னுடுச்சு. கொஞ்ச நாள்ல கம்பெனிங்களே பாஸ்பரஸ் இல்லாத தூளைக் கொண்டு வந்துட்டாங்க, முடியாதுன்னு சொன்ன அதே ஆளுங்க. ஏரில குறைஞ்சா ஆத்துல குறையும், ஆத்துல குறைஞ்சா குடால குறையும்.

வாசகர், கோவை:
ஆலைக் கழிவால ஜனங்களுக்கு நோய் வந்த மினமாட்டா இங்கதானே?

இல்லங்க, அது கியூஷுவுக்கு மேற்கால வேற கடல். அங்க பிரச்சனை பாதரசம். அது எவ்ளோ கம்மியா இருந்தாலும் விஷம்தான். நைட்ரஜன், பாஸ்பரஸ் உப்பு மாதிரி, இல்லாட்டியும் கஷ்டம், கூடினாலும் கஷ்டம். ரெண்டையும் ஒரே "மாசு"ங்கிற மூட்டைல கட்டுறதாலதான் பாதிக் குழப்பம்.

கடல்பாசி எடுக்குறவர், ராமநாதபுரம் மாவட்டம்:
நானும் பாசி எடுத்துப் பொழைக்கிறவதான் சார். அங்க பாசி வெளுத்துப் போச்சுன்னா இப்ப என்ன பண்றாங்க? மறுபடியும் சாக்கடையைத் திறந்து விட்டுட்டாங்களா?

திறக்கல அக்கா, ஆனா வால்வை லேசா திருகியிருக்காங்கன்னு சொல்லலாம். ஹியோகோ பக்கம் சில கழிவுநீர் நிலையத்துல குளிர்காலம் வந்தா, அதாவது நோரி சீசன்ல, சுத்திகரிப்புத் தொட்டிக்குக் காத்தடிக்கிறதைக் குறைச்சு நைட்ரஜனைக் கொஞ்சம் கூடுதலா வெளிய விடுறாங்க. கோடை வந்தா மறுபடி கறார். 2019ல ஹியோகோ மாவட்டம் வித்தியாசமா ஒரு விதி போட்டுச்சு, கடல்ல மொத்த நைட்ரஜன் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் கீழ போகக்கூடாதுன்னு. உச்சவரம்பு கேள்விப்பட்டிருக்கோம், கீழ்வரம்பு எங்கயாவது கேட்டிருக்கீங்களா! 2021ல செட்டோ சட்டத்தையே திருத்தி, மாவட்டங்க சத்து விடுறதுக்குத் திட்டம் போடலாம்னு வழி பண்ணிட்டாங்க. இதுலயும் சிக்கல் உண்டு, ஒசாகா குடாவோட உள்மூலைல இன்னமும் கோடைல அடித்தண்ணி மூச்சு முட்டுது, வெளிப்பக்கம் ஹரிமால சத்து பத்தல. ஒரே வீட்டுல ஒருத்தனுக்கு அஜீரணம், இன்னொருத்தனுக்குப் பட்டினி. எல்லாருக்கும் ஒரே மருந்து குடுக்க முடியாது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது குளத்து வேலைதான். ஜப்பான்லயே பாசனக் குளம் அதிகம் இருக்குறது ஹியோகோல. அறுவடை முடிஞ்சு குளிர்காலத்துல குளத்து மடையைத் திறந்து தண்ணியை வடிச்சு, அடி வண்டலைக் கலக்கி விடுறது பழைய வழக்கம், நம்ம ஊர் தூர் வாருற மாதிரின்னு வைங்க. விவசாயிங்களுக்கு வயசாகி ஆள் இல்லாம அது நின்னுபோச்சு. இப்ப அவாஜி தீவுலயும் அகாஷி பக்கமும் மீனவங்களே முட்டளவு சேத்துல இறங்கி, விவசாயி கூட நின்னு வண்டலைக் கலக்குறாங்க, அந்தக் கலங்கல் வாய்க்கால் வழியா நோரி வலைக்குப் போகுது. குளத்துக்கும் ஆயுசு, கடலுக்கும் சோறு. மீனவன் ஏன் என் குளத்துக்கு வர்றான்னு ஆரம்பத்துல யோசிச்ச விவசாயிங்களும் இருந்திருப்பாங்க, இருக்காதா பின்ன.

ஒகயாமா மாவட்டத்துல ஹினாசேன்னு ஒரு மீன்பிடி ஊர், அதையும் சொல்லிடுறேன். மீன் குஞ்சு பொரிச்சு ஒளியுறதுக்கு கடல்புல் வேணும்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. அங்க ஒரு காலத்துல 590 ஹெக்டேர் கடல்புல் இருந்துச்சாம், 1985ல மிச்சம் 12. கட்டுவலை வெச்சுப் பொழைக்கிற மீனவங்க, அரசாங்கம் வரட்டும்னு பாக்காம அந்த வருஷமே விதை சேர்த்துத் தூவ ஆரம்பிச்சாங்க. பல வருஷம் ஒண்ணும் நடக்கல, தூவுறது, அழுகுறது, மறுபடி தூவுறது. தண்ணி தெளிஞ்சு வெளிச்சம் அடிவரைக்கும் போனப்புறம்தான் பிடிச்சுச்சு, இப்ப 250 ஹெக்டேர்கிட்ட வந்துடுச்சு. புல்லு அத்துக்கிட்டு மிதந்து வர்றதைப் பொறுக்கி விதை எடுக்க பள்ளிக்கூடப் பசங்களும் போட்ல போறாங்க. சட்டம் தண்ணியைத் தெளிய வெச்சுது, புல்லை நட்டது மீனவன்.

வாசகர், எண்ணூர்:
இதெல்லாம் படிக்க நல்லா இருக்கு. எங்க முகத்துவாரத்துக்கு எது ஒத்துவரும்?

சத்து விடுற பேச்சு சுத்தமா ஒத்துவராது, அதை முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா நாளைக்கே "ஜப்பான்லயே கடலுக்கு அழுக்கு வேணுமாம்"னு யாராவது வாட்ஸ்அப்ல அனுப்புவாங்க. உங்க கொசஸ்தலை ஆத்து முகத்துவாரத்துல படிஞ்சிருக்குறது அனல்மின் நிலையத்துச் சாம்பல், 2023 டிசம்பர்ல புயல் வெள்ளத்தோட வந்தது எண்ணெய். ரெண்டும் யாருக்கும் சோறு இல்ல. அங்க நாப்பது வருஷமா குறைச்சு குறைச்சு வந்து இப்ப தராசு முள்ளை லேசா இப்படி அப்படி தள்ளிப் பாக்குறாங்க, நாம தராசையே இன்னும் வாங்கல.

ஒத்துவர்றது அந்த மொத்தக் கணக்கு. நம்ம நாட்டுப் பொது அளவுகோலைப் பாருங்க, ஆறு குளத்துல விட்டா பிஓடி (சிஓடி மாதிரிதான், ஆனா அழுக்கைத் தின்ன நுண்ணுயிருக்கு எவ்ளோ ஆக்ஸிஜன் வேணும்னு அளக்குறது) லிட்டருக்கு 30 மில்லிகிராம், கரையோரக் கடல்ல விட்டா 100. கடல் பெருசு, தாங்கிடும்னு ஒரு நெனப்பு அதுக்குள்ள இருக்கு. திறந்த கடலுக்கு வேணா அது சரியா இருக்கலாம், மணல் அடைச்ச முகத்துவாரத்துக்கு எப்படி சரியாகும்? யார் யார், நாளைக்கு எத்தனை கிலோ, ஊர்ச் சாக்கடை உட்பட ஒரே தாள்ல எழுதி வெளில ஒட்டுங்கன்னு கேளுங்க. "லிமிட்டுக்குள்ள இருக்கா"ன்னு மட்டும் கேட்டீங்கன்னா, இருக்குன்னு, முன்னாடி நான் கையெழுத்துப் போட்ட மாதிரி ஒரு ரிப்போர்ட் வரும், அவ்ளோதான். கூடவே உங்க ஊர்ல இறால் பாடு, நண்டு பாடு எந்த வருஷம் எப்படின்னு பெருசுங்க ஞாபகத்துல இருக்கும், இப்பவே ஒரு நோட்டுல எழுதி வைங்க.

வாசகி, மதுரை:
இவ்ளோ எழுதுறீங்களே, அந்தக் கடல் மீனை ஒரு வாயாவது சாப்பிட்டிருக்கீங்களா?

ஒரே ஒரு தடவை. கோபேல வேலை பாக்குற சிநேகிதன் ஊருக்கு வந்தப்ப ஒரு சின்ன டப்பா கொண்டு வந்தான், இக்கானாகோன்னு நெத்திலியைவிட ஒல்லியான மீன், சோயா, சர்க்கரை, இஞ்சி போட்டு வத்த வத்த காய்ச்சினது. ஒவ்வொண்ணும் வளைஞ்சு துரு பிடிச்ச ஆணி மாதிரியே இருக்கும், பேரே "ஆணிக் காய்ச்சல்"னுதான் அர்த்தமாம். மார்ச் மாசம் வந்தா கோபே, அகாஷி தெருவே அந்த வாசம் அடிக்கும், வீட்டு வீட்டுக்குக் காய்ச்சி சொந்தக்காரங்களுக்குப் பார்சல் போடுவாங்க, நம்ம வீட்டு மாவடு மாதிரி. 2017ல இருந்து பாடு படுத்துடுச்சு, சீசனைத் திறந்த சில நாள்லயே மூடிடுறாங்க, விலையும் ஏறிப்போச்சு. எங்க வீட்டுல தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கிட்டோம், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அம்மா ஒரு மீனை வாயில போட்டுட்டு "நெத்திலிக் கருவாட்டுல எதுக்குடா சர்க்கரை"ன்னு டப்பாவைத் தள்ளி வெச்சுட்டாங்க. போன வருஷம் அவன் வந்தப்ப டப்பாவைக் காணோம். கேட்டதுக்கு, இந்தத் தடவை கிடைக்கலடான்னு பிஸ்கட் பாக்கெட்டைக் குடுத்துட்டுப் போனான்.